பழைய ஐஸ் எங்க போச்சு

எங்க மாமா உவரிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனில இருபது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவங்க. சின்னப் புள்ளைல லீவு விட்டா நான் அங்கனதான் கெடப்பேன், வெளிய வெயிலு மண்டையப் பிளக்கும், உள்ள போயி தொட்டிக்கு மேல போட்ட பலகைல காலை வச்சா உள்ளங்கால்ல இருந்து ஜில்லுன்னு ஏறும். நீளமான தகரக் கேன்ல நல்ல தண்ணிய ஊத்தி உப்புத்தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கி வச்சிருவாங்க, அமோனியா ஓடுற குழாய் அந்த உப்புத்தண்ணிய ஜீரோ டிகிரிக்கும் கீழ குளுர வச்சிரும், ஆனா உப்புத்தண்ணி உறையாது, கேனுக்குள்ள இருக்க நல்ல தண்ணி மட்டும் கட்டியாகும். வெளிய எடுத்த ஐஸ் பாரைப் பாத்தா ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், நட்டநடுவுல மட்டும் பால் ஊத்துன மாதிரி வெள்ளையா ஒரு கோடு ஓடும். அது என்ன மாமான்னு கேட்டேன். "தண்ணி உறையும்போது உப்பு, காத்து, அழுக்குன்னு தனக்கு ஆகாததை எல்லாம் தள்ளிக்கிட்டே போகும் மருமவனே, நாலு பக்கமும் உறைஞ்சு வந்தா கடைசில அதெல்லாம் நடுவுல வந்து மாட்டிக்கிடும்"னு சொன்னாங்க.

ரொம்ப வருஷம் கழிச்சு வடதுருவக் கடலைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சப்போ மாமா சொன்ன இந்த ஒரு விஷயம் தெரிஞ்சிருந்ததாலதான் எனக்குப் பாதிக் கதை சட்டுன்னு புரிஞ்சுது. அதான் அங்க இருந்தே ஆரம்பிக்கேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துருவோம். தென்துருவம் தரை, அதுக்கு மேல கிலோமீட்டர் கணக்குல பனி. வடதுருவம் கடல். நடுவுல 4000 மீட்டர் ஆழமெல்லாம் இருக்கு, அதுக்கு மேல மெத்தையை விரிச்ச மாதிரி ஐஸ் மிதக்கு, அதோட கனம் சில மீட்டர்தான். இந்தக் கடல் ஐஸ் மழையா பெஞ்சு சேர்ந்ததோ மலைல இருந்து இறங்குனதோ இல்ல, கடல்தண்ணியே உறைஞ்சு உண்டாகுறது. கடல்தண்ணி மைனஸ் 1.8 டிகிரி பக்கம் போனாத்தான் உறையும். அப்படி உறையும்போது மாமா சொன்ன அதே வேலைதான் நடக்கு, உப்பைத் தள்ளிவிடும். பாருக்குள்ள மாதிரி மாட்டிக்கிடாம பெரும்பாலான உப்பு கீழ கடலுக்குள்ள இறங்கிரும், கொஞ்சம் மட்டும் முடி அளவுல இருக்க சின்னச் சின்னக் குழாய்க்குள்ள தங்கிரும், அதும் வருஷம் போகப் போக ஒழுகி ஒழுகி வெளிய வந்துரும். அதனால ரெண்டு மூணு கோடைகாலத்தைத் தாண்டுன ஐஸ் கிட்டத்தட்ட நல்ல தண்ணி ஐஸ். அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையா வேட்டைக்குப் போற இன்யூட் ஜனங்க குடிக்கத் தண்ணி வேணும்னா பழைய ஐஸைத் தேடிப் பாத்து உடைச்சு உருக்கிக் குடிப்பாங்க, புது ஐஸ் கரிக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.

இந்தப் பழைய ஐஸ், புது ஐஸ் கணக்குதான் நான் இங்க சொல்ல வர்ற முக்கியமான சங்கதி. செய்திகள்ல எப்பவும் பரப்பளவை மட்டும்தான் சொல்லுதாங்க.

பரப்பளவையும் பாத்துருவோம். சாட்டிலைட்ல தொடர்ச்சியா அளக்க ஆரம்பிச்சது 1978 கடைசில. மைக்ரோவேவ் கருவி வச்சு அளக்காங்க, ஏன்னா அங்க குளிர்காலம் பூரா இருட்டு, மிச்ச நாள்ல மேகம், சாதாரண கேமரா வச்சு ஒண்ணும் ஆகாது. மார்ச்சுல ஐஸ் உச்சத்துக்குப் போகும், செப்டம்பர்ல ரொம்பக் கொறஞ்சு நிக்கும், நம்ம குளங்க தை மாசம் நிறைஞ்சு கெடந்து ஆனி ஆடில தரை தெரியுற மாதிரின்னு வச்சுக்கோங்க. 1980 வாக்குல செப்டம்பர் மாசம் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் ஐஸ் மிஞ்சும். 2012 செப்டம்பர்ல அது 34 லட்சத்துக்கு வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் அதான் ரொம்பக் குறைஞ்ச அளவு. நம்ம இந்தியாவோட பரப்பு கிட்டத்தட்ட 33 லட்சம். அப்போ ரெண்டு இந்தியா அளவுக்கு இருந்த எடத்துல ஒரு இந்தியாதான் மிச்சம். குளிர்கால உச்சமும் இறங்கிட்டு வருது, 2025 மார்ச்சுல 143 லட்சம்தான், அளக்க ஆரம்பிச்சதுல இருந்து அதுவரைக்கும் அவ்வளவு கம்மியா எந்த மார்ச்சும் இருந்ததில்ல.

2012க்கு அப்புறம் அந்த ரெக்கார்டு ஏன் முறியலைன்னு சிலர் கேக்காங்க, நியாயமான கேள்விதான், இதை வச்சுக்கிட்டு எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. 2012 ஆகஸ்ட்ல ஒரு பெரிய புயல் வந்து ஏற்கெனவே மெலிஞ்சு கெடந்த ஐஸை உடைச்சு கலக்கி விட்டுருச்சு, அந்த வருஷம் அப்படி. அதுக்கப்புறம் வருஷத்துக்கு வருஷம் ஏறும் இறங்கும், காத்தும் நீரோட்டமும் ஒரே மாதிரியா இருக்காது, ஒரு பத்து பதினஞ்சு வருஷம் இறக்கம் மெதுவாகக்கூட செய்யும். ஆனா 2007ல இருந்து 2025 வரைக்கும் வந்த 19 செப்டம்பரையும் எடுத்துப் பாருங்க, சாட்டிலைட் கணக்குல ரொம்பக் குறைஞ்ச 19 அளவும் இந்த 19 வருஷம்தான், அதுக்கு முந்துன ஒரு வருஷம்கூட இடையில வரலை.

இப்போ பழைய ஐஸுக்கு வாரேன். ஐஸ் கம்பெனில முழு பாரை மரத்தூளு போட்டு மூடி வச்சா ரெண்டு நாள் தாங்கும், அதையே உடைச்சுப் பொடியாக்கி மீன் பெட்டில போட்டா சாயங்காலத்துக்குள்ள தண்ணி, எடை ஒண்ணுதான் ஆனா கனம் போச்சுன்னா ஆயுசு போச்சு. கடல்லயும் அதேதான். ஒரே குளிர்காலத்துல உறையுற புது ஐஸ் ஒண்ணுல இருந்து ரெண்டு மீட்டர் கனம் வரும், பல வருஷம் தாங்குனது மூணு நாலு மீட்டர். 1985 மார்ச்சுல அங்க இருந்த ஐஸ்ல மூணுல ஒரு பங்கு நாலு வயசுக்கு மேல ஆனது. இப்போ நூத்துக்கு அஞ்சுகூட தேறாது. அதாவது மேல இருந்து பாத்தா குளிர்காலத்துல கடல் வெள்ளையாத்தான் தெரியும், ஒண்ணும் மாறாத மாதிரி இருக்கும், ஆனா அந்த வெள்ளைக்குக் கீழ இருந்த பழைய பார் எல்லாம் போயி ஒரு வருஷத்துச் சில்லுதான் கெடக்கு. ஒரு கோடையைத் தாங்காது. எனக்கு இதைப் படிச்ச அன்னைக்குத்தான் மனசு நிஜமாவே கனத்துப் போச்சு.

இந்தப் பழைய ஐஸ் ரெண்டு வழில போச்சு. ஒண்ணு, இருந்த எடத்துலயே உருகுறது. இன்னொண்ணு, ஐஸ் ஒரு எடத்துல நிக்காது, சைபீரியாப் பக்கம் உண்டாகி துருவத்தைக் கடந்து கிரீன்லாந்துக்குக் கிழக்க இருக்க ஃப்ராம் ஜலசந்தி வழியா அட்லாண்டிக்ல இறங்கி உருகும். நார்வேக்காரர் நான்சென் 1893ல ஃப்ராம்னு ஒரு கப்பலை வேணும்னே ஐஸுக்குள்ள மாட்ட விட்டு, மூணு வருஷம் அதோடயே மிதந்து போகவிட்டு இந்த ஓட்டத்தை நிரூபிச்சாரு, அந்தக் கப்பல் பேருதான் ஜலசந்திக்கும். ஐஸ் கனமா இருந்த காலத்துல மெதுவா நகரும், இப்போ மெலிசா இருக்கதால காத்து சீக்கிரம் தள்ளிக்கிட்டுப் போயிருது. கனடாப் பக்கம் போஃபோர்ட் கடல்ல ஒரு சுழல் ஓட்டம் இருக்கு, முன்னால அதுக்குள்ள சுத்திச் சுத்தி வந்துதான் ஐஸுக்கு வயசு ஏறும், இப்போ அந்தச் சுத்து முடியுறதுக்குள்ளயே தெக்குப் பக்கம் உருகிருது.

சரி, கொறஞ்ச ஐஸ் எப்படி மேல மேல கொறையுது? கோயில் வெளிப்பிரகாரத்துல கல் தரைல வெள்ளைப் பெயின்ட் அடிச்சு ஒரு பாதை விட்டிருப்பாங்கல்ல, சித்திரை வெயிலுக்கு செருப்பில்லாம நடந்தா அந்த வெள்ளைல மட்டும்தான் காலை வைக்க முடியும், ஒரு ஜான் தள்ளி கருங்கல்லுல வச்சா துள்ளிக் குதிக்கணும். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புது, கருப்பு உள்ள வாங்கிக்கிடுது. பனி மூடுன ஐஸ் தன்மேல விழுற வெளிச்சத்துல நூத்துக்கு 80க்கு மேல திருப்பி அனுப்பிரும், திறந்த கடல் வெறும் 6தான் அனுப்பும், மிச்சம் 94ஐ உள்ள வாங்கிக்கிடும். ஐஸ் உருகி கடல் திறந்தா சூடு உள்ள போகும், அந்தச் சூடு பக்கத்துல இருக்க ஐஸை உருக்கும். இதுல பலர் கவனிக்காதது ஒண்ணு இருக்கு. வடதுருவம் ரொம்ப அதிகமாச் சூடாகுறது கோடைல இல்ல, அதுக்கப்புறம் வர்ற இலையுதிர் காலத்துலயும் குளிர்காலத்துலயும்தான். பகல் பூரா வெயில் குடிச்ச மொட்டை மாடி ராத்திரி ஒம்போது மணிக்கு எப்படி அனலைக் கக்கும், பாய் விரிச்சுப் படுக்க முடியாது, அதே மாதிரி கோடை பூரா கடல் வாங்குன சூடு இருட்டுக் காலத்துல மேல காத்துக்கு வருது, ஐஸ் உறைய நாள் தள்ளிப் போகுது, உறைஞ்சாலும் மெலிசு. இதுபோக வேற சில காரணங்களும் சேர்ந்து 1979ல இருந்து வடதுருவப் பகுதி உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகத்துல சூடாகிட்டு இருக்குன்னு 2022ல ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு.

அடில இருந்தும் சூடு வருது. புன்னக்காயல்ல தாமிரபரணி கடல்ல சேர்ற எடத்தை வெள்ளக் காலத்துல பாத்தவங்களுக்குத் தெரியும், செவந்த ஆத்துத்தண்ணி கடல்தண்ணிக்கு மேல பாய் விரிச்ச மாதிரி பரவி நிக்கும், உடனே கலக்காது, ஏன்னா நல்ல தண்ணி லேசு. வடதுருவக் கடல் மொத்தமுமே அப்படித்தான். ஓப், எனிசெய், லேனான்னு சைபீரியாவோட பெரிய ஆறெல்லாம் அங்கதான் விழுது, உலகத்துல ஓடுற ஆத்துத்தண்ணில பத்துல ஒரு பங்கு அந்தச் சின்னக் கடலுக்குள்ள போகுது. அதனால மேல குளுந்த, உப்பு கொறஞ்ச தண்ணி, அதுக்கும் கீழ 200 மீட்டர் வாக்குல அட்லாண்டிக்ல இருந்து வந்த வெதுவெதுப்பான உப்புத்தண்ணி. கீழ இருக்க அந்தச் சூடு மேல வந்தா அங்க இருக்க ஐஸ் மொத்தத்தையும் உருக்கிப் போடும், நடுவுல இருக்க அந்த அடுக்குதான் மூடி மாதிரி அதைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. நார்வேக்கு வடக்க இருக்க பேரன்ட்ஸ் கடல்ல இந்த மூடி இப்போ தளந்து போச்சு, ஐஸ் உருகி வர்ற நல்ல தண்ணி கொறஞ்சதால அடுக்கு உடையுது, அட்லாண்டிக் தண்ணி மேல வருது, குளிர்காலத்துலயே பாதிக் கடல் திறந்து கெடக்கு. கிழக்க தள்ளிப் போயும் இது பரவுதுன்னு 2017ல எழுதுனாங்க. ஆராய்ச்சிக்காரங்க இதுக்கு அட்லாண்டிஃபிகேஷன்னு பேர் வச்சிருக்காங்க, ஒரு கடல் இன்னொரு கடலா மாறுதுன்னு அர்த்தம்.

நடுவுல இன்னொரு சந்தேகம், ஊர்ல எல்லாரும் கேக்கது. வடதுருவ ஐஸ் உருகுனா நம்ம இடிந்தகரை, கூட்டப்புளிக்குள்ள கடல் ஏறுமா? கண்ணாடி டம்ளர்ல நன்னாரி சர்பத்துல மிதக்க ஐஸ் கரைஞ்சா சர்பத் வழியாது, மிதக்குறது ஏற்கெனவே தன் எடத்தை எடுத்துக்கிட்டுத்தான் மிதக்கு. அதனால கடல் ஐஸ் உருகுறதால நேரடியா மட்டம் ஏறுறது ஒண்ணுமில்லன்னே சொல்லலாம். தரை மேல இருக்க கிரீன்லாந்துப் பனி வேற கணக்கு, அது முழுசும் உருகுனா 7 மீட்டர் ஏறும். பக்கத்துல இருக்க கடல் வெள்ளையா இல்லாம கருத்துப் போயி சூடாகும்போது அந்தத் தரைப்பனியும் சூட்டை வாங்குது, ரெண்டும் அப்படித்தான் தொடர்பு.

ஐஸை நம்பி இருக்க உயிருங்கன்னதும் எல்லாருக்கும் பனிக்கரடிதான் ஞாபகம் வரும். நான் கீழ இருந்து சொல்லுதேன். உப்புத்தண்ணி தங்குற முடி அளவு குழாய்னு சொன்னேன்ல, அதுக்குள்ளயும் ஐஸோட அடிப்பக்கத்துலயும் பாசி வளருது. ஐஸோட அடிப்பக்கம்தான் அங்க வயக்காடு, தலைகீழா தொங்குற வயல். மெலோசிரான்னு ஒரு பாசி மீட்டர் கணக்குல சடை மாதிரி தொங்கும், 2012ல ஐஸ் அவ்வளவு உருகுனப்போ அது அறுந்து 4000 மீட்டர் ஆழத்துல கடல் தரைல போயிக் குவிஞ்சு கெடந்ததை ஜெர்மன்காரங்களோட போலார்ஸ்டெர்ன் கப்பல்ல போனவங்க பாத்தாங்க. பாசியைத் தின்ன கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம இருக்க பூச்சிங்க, அதுகளைத் தின்ன உள்ளங்கை நீளத்துல போலார் காட்னு ஒரு மீனு, நம்ம பக்கத்துல சாளை எப்படியோ அங்க அது அப்படி, எல்லாத்துக்கும் எரை அதான். அது முட்டை போடுறதும் குஞ்சு வளர்றதும் ஐஸுக்கு அடில. அதைச் சீல் தின்னும், சீலைக் கரடி தின்னும். வளைய சீல்னு ஒண்ணு ஐஸுக்கு மேல கெடக்க பனில பொந்து தோண்டிக் குட்டி போடும், பனி சீக்கிரம் கரைஞ்சா பொந்து இடிஞ்சு குட்டி வெளில கெடக்கும்.

வால்ரஸ் கதை தனி. அது ஆழம் கொறஞ்ச கடல் தரைல சிப்பி தோண்டித் தின்னும், நடுவுல ஐஸ்ல ஏறிக் குட்டியோட ஓய்வெடுக்கும். இப்போ கோடைல ஐஸ் விலகி ஆழக்கடலுக்குப் போயிருது, அங்க முங்குனா தரை எட்டாது, அதனால கரைக்கு ஏறுதுங்க. 2014ல அலாஸ்கால பாயின்ட் லேங்கிற ஊருப் பக்கம் 35,000 வால்ரஸ் ஒரே கரைல நெருக்கியடிச்சுக் கெடந்துச்சு. ஏதாவது சத்தம் கேட்டு மிரண்டா மொத்தமா தண்ணிக்கு ஓடும், குட்டிங்க மிதிபட்டுச் சாகும்.

நம்ம கடற்கரை ஜனங்களுக்குப் பட்டுன்னு புரியுறது பேரிங் கடல் நண்டு சமாச்சாரம்தான்னு நினைக்கேன். அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவுல இருக்க கடல் அது. குளிர்கால ஐஸ் உருகுனதும் கீழ தரையோட ஒட்டி ரெண்டு டிகிரிக்கும் கொறஞ்ச குளுந்த தண்ணி கோடை பூரா குளம் மாதிரி தங்கும், ஸ்னோ கிராப்னு சொல்ற நண்டோட குஞ்செல்லாம் அதுக்குள்ளதான் வளரும், குளுருக்குப் பயந்து பெரிய மீனுங்க உள்ள வராது. 2018லயும் 2019லயும் அங்க ஐஸ் ரொம்பக் கொறஞ்சு போச்சு, அந்தக் குளுந்த குளமே இல்லாம ஆயிருச்சு. அந்தச் சமயம் பாத்து நண்டு எண்ணிக்கை எக்கச்சக்கமா இருந்துச்சு. தண்ணி சூடானா நண்டுக்குப் பசி கூடும், இருக்க எடமும் எரையும் கம்மி, 1000 கோடிக்கு மேல நண்டு காணாமப் போச்சு, பட்டினிலதான் செத்திருக்கணும்னு 2023ல ஆய்வு வந்துச்சு. 2022ல அலாஸ்கா அரசாங்கம் அந்த நண்டுப் பிடிப்பையே மொத்தமா நிறுத்திட்டு, அந்தக் கடல்ல இருக்க தீவுகள்ல நண்டை நம்பி இருந்த ஊருங்க வருமானம் இல்லாம நின்னுச்சு. இங்க ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அதுக்கே வீட்டுல அடுப்பெரிய என்ன பாடுன்னு கூத்தங்குளிலயும் பெருமணல்லயும் கேட்டாத் தெரியும், அங்க முழு சீசன், அதும் அடுத்தடுத்து ரெண்டு வருஷம்.

ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கு. நடு வடதுருவக் கடல்ல ஐஸ் விலகுன எடத்துல மீன் பிடிக்க எல்லாரும் போட்டி போடுறதுக்கு முன்னாலயே அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஐரோப்பிய யூனியன் எல்லாம் சேர்ந்து 2018ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, 2021ல அமலுக்கு வந்துச்சு, 16 வருஷத்துக்கு அங்க வணிக மீன்பிடி கிடையாது, முதல்ல என்ன இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணுவோம்னு. வள்ளம் இறங்குறதுக்கு முன்னாலயே தடை போட்டது அபூர்வம்.

இதுக்கும் நமக்கும் என்னன்னு கேக்கவங்களுக்கு: இந்தியா அங்க ஏற்கெனவே இருக்கு. நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுல நி-ஒலெசுன்னுங்கிற எடத்துல 2008ல இருந்து ஹிமாத்ரின்னு ஒரு ஆய்வு நிலையம் நடத்துறோம். 2014ல அங்க இருக்க ஃபியார்டுக்குள்ள, அதாவது மலைங்களுக்கு நடுவுல நீளமா உள்ள புகுந்த கடலுக்குள்ள, 190 மீட்டர் வாக்குல ஆழம், இன்டார்க்னு ஒரு கருவித் தொடரை இறக்கி தண்ணியோட சூடு, உப்பு எல்லாம் அளக்காங்க, அதைச் செஞ்சது நம்ம சென்னைல இருக்க தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம். கோவால இருக்க துருவ ஆய்வு மையத்து ஆளுங்க 2021ல ஒரு கட்டுரை போட்டாங்க, சைபீரியாவுக்கு வடக்க இருக்க காரா கடல்ல கோடை ஐஸ் கொறையுறதுக்கும் மத்திய இந்தியால பருவமழைக் கடைசில கொட்டுற கனமழைக்கும் தொடர்பு இருக்கலாம்னு, மேல்காத்து ஓட்டம் வளைஞ்சு நெளியுறது வழியா.

இங்க நான் ஒரு விஷயத்துல கண்டிப்பா இருக்கணும்னு நினைக்கேன். 2023 டிசம்பர் 17, 18ல நம்ம ஊர் முங்குனதை யாரும் மறக்க முடியாது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பக்கம் கொட்டுச்சு, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள தாமிரபரணி நின்னுச்சு. அதுக்கப்புறம் வாட்ஸப்ல துருவத்துல ஐஸ் உருகுனதாலதான் நெல்லைல வெள்ளம்னு ஒரு மெசேஜ் சுத்துச்சு, எனக்கே பத்துப் பேர் அனுப்புனாங்க. அப்படி நேர்க்கோடு போட முடியாது. அந்த மழை குமரிக்கடல் மேல நின்ன காத்துச் சுழற்சியால வந்தது. சூடான காத்து ஈரத்தை அதிகமாப் பிடிச்சு வைக்கும், டிகிரிக்கு 7 சதவீதம் கூடுதலா, அதனால கனமழை இன்னும் கனமாகும், அது எங்கயும் பொருந்தும். அங்க ஐஸை உருக்குறதும் இங்க காத்துல ஈரத்தை ஏத்துறதும் ஒரே சூடுதான், இதுவரைக்கும் சொன்னாப் போதும், இல்லாததைச் சேத்துச் சொன்னா உள்ளதையும் ஜனங்க நம்பாமப் போயிருவாங்க.

அந்தச் சூட்டுல நம்ம பங்கு எவ்வளவுன்னு கணக்கு இருக்கு. 2016ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஐஸ் கொறஞ்சதையும் உலகம் விட்ட கார்பன் டை ஆக்சைடையும் சேத்து வச்சுப் பாத்தாங்க, ஒரு டன்னுக்கு செப்டம்பர் ஐஸ் 3 சதுர மீட்டர் போகுதுன்னு வந்துச்சு. ஒரு டபுள் கட்டில் அளவு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் குடுக்கிற பைக்ல ஒரு டன் விடணும்னா நெல்லைல இருந்து சென்னைக்கு 17 தடவை போயிட்டு வரணும். நம்ம நாட்டுல ஆளுக்கு வருஷத்துக்கு சுமார் 2 டன், அமெரிக்கால அதைப்போல ஏழு மடங்கு. ஆக யாரு கட்டில் எவ்வளவுன்னு பாத்துக்கோங்க, எல்லாரும் சமமா உருக்கலை. 2050க்குள்ள ஒரு செப்டம்பராவது வடதுருவக் கடல்ல ஐஸ் 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழ போயிரும், பெரும்பாலும் நடக்கும்னு ஐ.நா.வோட பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. போட்ட 2021 அறிக்கை சொல்லுது.

போன மாசம் மாமாவைப் பாக்கப் போனப்போ இதையெல்லாம் சொன்னேன். கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அப்போ அந்தப் பழைய பார் திரும்ப உண்டாகாதா மருமவனே, கம்பெனில கரண்டு போயி உருகுனாலும் மறுபடி மெஷினை ஓட்டுனா உறைஞ்சுரும்ல?"

உறையும் மாமான்னு சொன்னேன். இது உண்மை, கம்ப்யூட்டர் மாடல்ல ஐஸை முழுசா எடுத்துட்டு விட்டுப் பாத்திருக்காங்க, சூடு கூடாம இருந்தா அந்தந்தக் காலத்துச் சூட்டுக்கு உள்ள அளவுக்கு ரெண்டே வருஷத்துல ஐஸ் திரும்ப வந்து நிக்குது. கிரீன்லாந்துப் பனி மாதிரி போனா போனதுதான்கிற கேஸ் இது இல்ல. சூடு இறங்குனா ஐஸ் திரும்ப வரும், ஆனா நாலு வயசு ஐஸுக்கு நாலு கோடை உருகாமத் தாங்கணும்.

"அப்போ மெஷினை நிறுத்தாம ஓட்டணும்"னாங்க மாமா, சொல்லிட்டு ஈசிச்சேர்ல இருந்து எந்திரிச்சு ஃபிரிட்ஜுல தண்ணி எடுக்கப் போனாங்க.